ரிவர்ஸ் இருந்த இடம்

வாசலில் நிற்கிற உங்கள் ஜீப்பில் ஒரு பிளக் சரியாக வேலை செய்யவில்லை, சார். நேற்று என்னை ஏற்றிக்கொண்டு வரும்போதே கவனித்தேன். தண்டையார்பேட்டையிலிருந்து ராயபுரம் வருவதற்குள் நான்கு தடவை இருமியது. டிரைவரிடம் சொன்னேன். "சும்மா குந்து மேஸ்திரி, கேசுல மாட்டிக்கினு கீறே, பிளக்கைப் பத்திப் பேச வந்துட்டே" என்றார். கழற்றி மண்ணெண்ணெயில் கழுவித் துடைத்துப் போட்டால் பத்து நிமிஷ வேலை. அதைக்கூடச் செய்யாமல் ஓட்டுகிறவர்கள்தான் இந்த ஊரில் முக்கால்வாசிப் பேர்.

ஏட்டையா எழுதி வைத்த வாக்குமூலத்தில் நான் கையெழுத்துப் போடவில்லை. அவர் மேல் எனக்குக் கோபம் கிடையாது. என்ஜின் வேறு, கியர் பெட்டி வேறு என்று அவருக்குத் தெரியாது. இரண்டையும் 'மிஷின்' என்று எழுதிவிட்டு வெற்றிலை போடப் போய்விட்டார். அதனால் காகிதமும் பேனாவும் கேட்டு வாங்கி நானே எழுதுகிறேன். என் பெயர் தேவப்பிரியம். வயது நாற்பத்தாறு. சண்டைக் காலத்தில் ஆவடி மிலிட்டரி பட்டறையில் நான்கு வருஷம் ஃபிட்டர். அதற்கு முன்னும் பின்னும் தண்டையார்பேட்டை ரயில் பாதை ஓரத்தில் சொந்தப் பட்டறை.

மோட்டார் இன்ஸ்பெக்டர் கொடுத்த அறிக்கையை நீங்கள் படித்துக் காட்டினீர்கள். 'பழைய பிக்கப் வண்டிக்குப் புது என்ஜின் பொருத்தியதில் கவனக்குறைவு. இணைப்பு தளர்ந்து கியர் தானாக விழுந்துள்ளது. வண்டி முன்னால் பாய்ந்ததில் உரிமையாளர் வேதமாணிக்கம் இறந்தார்.' இந்த மூன்று வாக்கியத்தில் வேதமாணிக்கம் இறந்தார் என்பது மட்டும்தான் சரி. அந்த இன்ஸ்பெக்டர் வண்டிக்கு அடியில் குனிந்துகூடப் பார்க்கவில்லை. வெள்ளைக் கால்சட்டை அழுக்காகிவிடும் என்று தள்ளி நின்றே எழுதினார். அவருக்குச் சம்பளம் கொடுக்கிறது சர்க்கார்.

கவனக்குறைவு என்று ஒப்புக்கொண்டால் சில மாதங்களில் வெளியே வந்துவிடலாம் என்று நீங்கள் நல்ல எண்ணத்தில்தான் சொன்னீர்கள். என்னால் முடியாது. இருபத்தெட்டு வருஷமாக என் கையால் போட்ட ஒரு போல்ட் தளர்ந்ததில்லை.

இன்னொன்றும் இருக்கிறது. வேதமாணிக்கம் என் தங்கை சுகிர்தத்தின் புருஷன். அடக்கம் முடிந்த மூன்றாம் நாள் அவள் பட்டறை வாசல் வரை வந்தாள். உள்ளே வரவில்லை. "உன் கை பிசகிடுச்சாண்ணே?" என்று கேட்டாள். நான் பதில் சொல்வதற்குள் திரும்பிப் போய்விட்டாள். ஆறு வாரம் ஆகிறது. ஆள் விட்டுப் பார்த்தேன், வரவில்லை. ஊரே என்ன வேண்டுமானாலும் நினைக்கட்டும், எனக்குக் கவலையில்லை. சுகிர்தம் அப்படி நினைத்துக்கொண்டு இருப்பதை என்னால் பொறுக்க முடியவில்லை. அதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

சுகிர்தத்தைப் பற்றி நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். எங்கள் ஊர் திருச்செந்தூர்ப் பக்கம். அப்பா அம்மா அடுத்தடுத்துப் போனபின் பதினாறு வயதில் அவளை நான் இங்கே அழைத்து வந்தேன். முதலில் சோறு பொங்குவதோடு இருந்தாள். ஒரு நாள் வண்டிக்கு அடியில் படுத்துக்கொண்டு விளக்கைப் பிடிக்கச் சொன்னேன். அவள் பிடித்த மாதிரி யாரும் விளக்குப் பிடித்து நான் பார்த்ததில்லை. என் கண் போகிற இடத்துக்கு ஒரு நொடி முன்னால் வெளிச்சம் போகும். ஒரு வருஷத்தில் எந்த ஸ்பானர் என்று நான் வாய் திறக்க வேண்டியதில்லை, கையை நீட்டினால் போதும், சரியான அளவு வந்து உட்காரும். என்ஜின் சத்தத்தைக் கேட்டே எந்த வால்வு சரியில்லை என்று சொல்வாள். நான் ஆவடிக்குப் போய்வந்த வருஷங்களிலும் ராத்திரியில் பட்டறை வேலை நடந்தது. பதினைந்து வருஷம் அப்படி இருந்தோம். இரண்டு பேர் பெண் கேட்டு வந்தார்கள். ஒருத்தன் திருவொற்றியூரில் தீப்பெட்டிக் கம்பெனிக் கணக்கன், இன்னொருத்தன் வாத்தியார். அவளுக்கு விருப்பமில்லை என்று நானே சொல்லி அனுப்பிவிட்டேன். அவளிடம் கேட்டு என்ன ஆகப்போகிறது? வால்வு சத்தம் கேட்கத் தெரிந்தவள் தீப்பெட்டி எண்ணுகிறவன் வீட்டில் போய் என்ன செய்வாள்?

அப்புறம் வேதமாணிக்கம் வந்தார். ராயபுரம் கடற்கரையில் கருவாட்டு மண்டி. எங்கள் ஆட்கள்தான், ஆனால் பிறந்து வளர்ந்தது காசிமேடு. பேச்சு முழுக்க இந்த ஊர்ப் பேச்சு. ஒரு நாள் தன் பிக்கப்பை நான்கு பேரை விட்டுத் தள்ளிக்கொண்டு வந்தார். முப்பத்தொன்றாம் வருஷத்து அமெரிக்க வண்டி. பின்சக்கரம் தள்ளி ஓடுகிற, எளிமையான, நல்ல வண்டி. அதை அவர் என்ன பாடு படுத்தி வைத்திருந்தார் என்று சொன்னால் நம்பமாட்டீர்கள். கருவாட்டு நாற்றம் போக வாராவாரம் கடல் தண்ணீரை மொண்டு ஊற்றிக் கழுவுவாராம். இரும்பைக் கடல் தண்ணீரில் குளிப்பாட்டுகிற மனிதர். ஒரு தடவை என்ஜின் எண்ணெய் தீர்ந்துவிட்டது என்று செக்குக் கடலை எண்ணெயை ஊற்றியிருக்கிறார். இதை என்னிடம் சிரித்துக்கொண்டே சொன்னார்.

"இன்னா மேஸ்திரி பண்றது? அதுவும் பசியில கெடந்துச்சு. வூட்ல இருந்ததை ஊத்தினேன். வண்டி போற வழியெல்லாம் ஒரே வடை வாசனை."

சுகிர்தத்தின் கையிலிருந்து ஸ்பானர் கீழே விழுந்தது. பதினைந்து வருஷத்தில் முதல் தடவை. அவள் சிரித்துக்கொண்டிருந்தாள்.

நாற்பத்தொன்பதாம் வருஷம் கல்யாணம் நடந்தது. இந்தத் தடவை என்னிடம் பெண் கேட்கவில்லை. அவள்தான் வந்து சொன்னாள். நான் மறுப்புச் சொல்லவில்லை. கோயிலில் நானே கையைப் பிடித்துக் கொடுத்தேன். அன்றைக்கு அவள் தன் விளக்கைப் பட்டறைச் சுவரில் ஒரு ஆணியில் மாட்டிவிட்டுப் போனாள். அதை யாரையும் தொடவிட்டதில்லை.

வேதமாணிக்கம் கெட்டவர் என்று நான் சொல்லவில்லை. நீங்கள் மண்டிப் பக்கம் விசாரித்தால் எல்லாரும் அவரைத் தலையில் தூக்கி வைத்துத்தான் பேசுவார்கள். பிரசவ வலி என்று எந்த வீட்டில் கூப்பிட்டாலும் பாதிச் சாப்பாட்டில் எழுந்து, பிக்கப்பில் கருவாட்டுக் கூடையை இறக்கிவிட்டுப் பாயை விரித்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவார். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் எனக்கு வஞ்சிரம் கொண்டுவந்து கொடுப்பார். "தனியா இன்னாத்துக்கு மச்சான் பொங்கித் துன்றே? நம்ம வூட்டுக்கே வந்துடு" என்பார். சுகிர்தத்தை ஒரு சொல் கடிந்தவரில்லை. இதெல்லாம் உண்மைதான். ஆனால் பாருங்கள், நல்லவராக இருப்பது சுலபம். ஒரு பிளக்கை ஒழுங்காகத் துடைத்து வைப்பதற்குத்தான் அறிவு வேண்டும்.

இப்போது அவருடைய வித்தையைச் சொல்ல வேண்டும். அது தெரியாவிட்டால் நடந்தது உங்களுக்குப் புரியாது.

அந்த வண்டியை முன்னால் நின்று, மூக்கில் இரும்பு ஹேண்டிலைச் செருகிச் சுழற்றி அடித்துத்தான் ஸ்டார்ட் செய்ய வேண்டும். உலகத்தில் எல்லாரும் கியரை நியூட்ரலில் போட்டுவிட்டு ஹேண்டில் அடிப்பார்கள். வேதமாணிக்கம் ரிவர்ஸில் போட்டுவிட்டு அடிப்பார். மண்டிச் சுவருக்கு நேராக வண்டியை நிறுத்தியிருப்பார். சுவருக்கும் வண்டி மூக்குக்கும் நடுவில் இவர் நிற்பார். ஒரு இழுப்பு இழுப்பார். என்ஜின் பிடித்ததும் வண்டி துள்ளி இரண்டு முழம் பின்னால் போய், மூச்சு முட்டி நின்றுவிடும். உடனே இவர் நெஞ்சில் கை வைத்துக் குனிந்து, "பாத்தியா, எஜமானுக்கு சலாம் வெச்சுக்கினே பின்னால போவுது பாரு" என்பார். கூடைக்காரிகள், மூட்டைக்காரர்கள் எல்லாரும் கைதட்டுவார்கள். அப்புறம் நியூட்ரலில் போட்டு ஒழுங்காக ஸ்டார்ட் செய்வார். ஒரு நாளைக்கு ஒரு தடவை இது நடக்கும். தினமும் அதே கும்பல், அதே கைதட்டல்.

ஒவ்வொரு துள்ளலுக்கும் கியர் பல்லில் எவ்வளவு அடி விழுகிறது என்று அந்தக் கும்பலில் ஒருத்தருக்கும் தெரியாது. தெரிந்தவள் ஒருத்திதான். ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் போயிருந்தபோது பார்த்தேன். சுகிர்தமும் கைதட்டிக்கொண்டிருந்தாள்.

அன்றைக்கு எனக்கு வருத்தமாக இருந்தது. அவளிடம் கேட்டேன்: "அந்தப் பல்லு தேயுறது உனக்குக் கேக்கலையா?" அவள் சொன்னாள்: "கேக்குதுண்ணே. அதுக்கு இன்னா? அவரு சந்தோஷமா கீறாரு இல்ல?" இப்படிப் பேசுகிறவளாக அவளை நான் வளர்க்கவில்லை. நல்ல ஸ்பானரை மழையில் போட்டு வைத்தால் துருப்பிடிக்கிறது, அதுபோலத்தான் ஆகிவிட்டாள்.

இந்த வருஷம் ஆடி மாதம் அந்த வண்டியின் என்ஜின் முழுக்கச் செத்துவிட்டது. சண்டைக் காலத்தில் பெட்ரோல் கிடைக்காமல் கரி அடுப்பு கட்டி ஓட்டினார்களே, அந்தக் கரித்தூள் சிலிண்டரை அரைத்துத் தின்றிருந்தது. வேதமாணிக்கம் பட்டறைக்கு வந்து, "மச்சான், எனக்கு ஒண்ணும் தெரியாது. நீ எந்த என்ஜினைச் சொல்றியோ அதான். கண்ணை மூடிக்கினு ஒத்துக்கறேன்" என்றார். இதை ரஷீது கேட்டான். ரஷீது என்னிடம் பத்து வருஷமாக வேலை செய்கிற ஃபிட்டர்.

மூன்று என்ஜின் பார்த்தேன். இதை விவரமாக எழுதுகிறேன், ஏனென்றால் யோசிக்காமல் எதையோ தூக்கி மாட்டினேன் என்று அறிக்கையில் ஒரு தொனி இருக்கிறது.

முதலாவது யானைக்கவுனியில் ஒரு பழைய இரும்புக் கடையில் இருந்தது. அதே கம்பெனி, அதே மாடல், நான்கு சிலிண்டர். மரத்தில் மோதின ஒரு காரிலிருந்து எடுத்தது. துடைத்து உட்காரவைத்தால் போதும். பழைய கியர் பெட்டியோடு அப்படியே பொருந்தும். ரஷீது அதைத்தான் எடுக்கச் சொன்னான். "இதுங்காட்டியும் வேற இன்னா நைனா வோணும்? ரெண்டு நாள்ல வண்டி ரோட்டுல ஓடும்" என்றான். தவறில்லை. எந்த மேஸ்திரியும் அதைத்தான் எடுத்திருப்பான்.

இரண்டாவது துறைமுகத்தில் உடைத்துப்போட்ட ஒரு லாஞ்சுப் படகின் டீசல் என்ஜின். பாரம் தாங்காமல் முன் ஸ்பிரிங் படுத்துவிடும். கையால் ஹேண்டில் அடித்துக் கிளப்புவதும் பீமனால்தான் முடியும். அதை அங்கேயே விட்டுவிட்டேன்.

மூன்றாவது ஆவடி மிலிட்டரி ஏலத்தில் வந்தது. ராணுவ லாரிக்கென்று செய்து, சண்டை முடிந்துவிட்டதால் பெட்டி பிரிக்காமலே கிடந்த ஆறு சிலிண்டர் என்ஜின். கிரீஸ் பூசிய காகிதம்கூடக் கிழியவில்லை. அதற்கு அதன் சொந்த கியர் பெட்டி. இரண்டும் சேர்ந்தே வரும். பழைய பெட்டியைக் கழற்றிவிட்டு இதைத்தான் வைக்க வேண்டும். ஆவடியில் இந்த ரகத்தில் நூறு என்ஜினாவது நான் பூட்டியிருப்பேன். கண்ணைக் கட்டிவிட்டாலும் அதன் கியர் கம்பி எங்கெங்கே போகும் என்று சொல்வேன்.

பழைய வண்டியில் கம்பியை இடது பக்கம் தள்ளி முன்னால் சாய்த்தால் ரிவர்ஸ். மிலிட்டரிப் பெட்டியில் இடது பக்கம் தள்ளி முன்னால் சாய்த்தால் ஃபர்ஸ்ட். ரிவர்ஸ் வலது கோடியில், கீழே. அவ்வளவுதான் வித்தியாசம். ஒரு ஜாண் இருக்கும்.

பழைய என்ஜின் பலவீனமானது. துள்ளியதும் மூச்சு முட்டி நின்றுவிடும். மிலிட்டரி என்ஜின் அப்படி நிற்காது. சேற்றில் அச்சு வரை புதைந்த லாரியை வெளியே இழுப்பதற்காகச் செய்தது. ஃபர்ஸ்டில் விழுந்துவிட்டால் முன்னால் இருப்பது சேறா சுவரா என்று பார்க்காது.

நான் மூன்றாவதை எடுத்தேன். மூன்றில் அதுதான் உயர்ந்த என்ஜின், சந்தேகம் வேண்டாம்.

பதினோரு நாள் வேலை. என்ஜின் உட்கார வண்டிச் சட்டத்தில் புதுத் தாங்கி அடித்தேன். பின் அச்சுக்குப் போகிற தண்டை வெட்டி, அளந்து, மறுபடி பற்றவைத்தேன்; உள்ளங்கை வைத்துப் பார்த்தால் நடுக்கம் தெரியாது. ரஷீது போட்ட போல்ட் ஒவ்வொன்றையும் நான் மறுபடி சோதித்தேன். அந்தப் பையன் தன்னால்தான் ஆயிற்று என்று இரண்டு நாளாக உங்கள் வராந்தாவில் அழுதுகொண்டிருக்கிறான். அவனை வீட்டுக்கு அனுப்பிவிடுங்கள். அவன் போல்ட் எல்லாம் இறுக்கமாக இருந்தது. ஹேண்டிலைக் கால் சுற்று இழுத்தாலே பிடிக்கும்படி நான் டியூன் செய்தேன். வேதமாணிக்கத்துக்கு ஒரு இழுப்புக்கு மேல் இழுத்துப் பழக்கமில்லை.

இரண்டு சின்ன வேலையும் செய்தேன். அந்தப் பெட்டியோடு ஒரு பித்தளைத் தகடு வரும். எந்த கியர் எந்தப் பக்கம் என்று படம் போட்டிருக்கும். டிரைவர் கண்ணுக்கு நேரே திருக வேண்டும். அதைத் திருகவில்லை. என் மேசை இழுப்பறையில் இருக்கிறது, போய் எடுத்துக்கொள்ளலாம். அப்புறம், புதுக் கியர் கம்பியின் தலையில் மிலிட்டரிக் குமிழ் சதுரமாக இருந்தது. அதைக் கழற்றிவிட்டு, பழைய கம்பியிலிருந்த உருண்டைக் குமிழை மாட்டினேன். வேதமாணிக்கத்தின் உள்ளங்கை பட்டுப் பட்டுத் தேய்ந்த குமிழ். கைக்குப் பழகினதாக இருக்கட்டும் என்று.

வேலை முடிந்த மாலை அவர் வந்து பார்த்தார். என்ஜினைச் சுற்றிச் சுற்றி வந்து, "இன்னா ஷோக்கா கீது மச்சான்" என்று அதைத் தடவிக் கொடுத்தார், மாட்டைத் தடவுகிற மாதிரி. நான் ரஷீதுக்கு எதிரில் தெளிவாகச் சொன்னேன்: "மாப்பிள்ளை, இது மிலிட்டரிப் பெட்டி. கியர் எல்லாம் இடம் மாறியிருக்கு. ரிவர்ஸ் இப்ப வலது பக்கம் கோடியில, கீழே. பழைய ஞாபகத்துல போட்டுடாதீங்க." அவர், "சரி மச்சான், சரி மச்சான்" என்றார். கண் என்ஜின் மேலேயே இருந்தது. ரஷீதைக் கேளுங்கள், இதே வார்த்தைதான் சொல்வான். ஒரு மேஸ்திரி செய்ய வேண்டியதை நான் செய்துவிட்டேன். அதற்கப்புறம் ஒருத்தர் மறந்தால் அது அவர் தலையெழுத்து. நேற்று வரை இந்த இடத்தோடு நிறுத்திவிடலாம் என்றுதான் இருந்தேன்.

ஆனால் இத்தோடு நிறுத்தினால், எச்சரித்தும் மறந்தார் என்று நீங்கள் முடித்துவிடுவீர்கள்; அப்புறம் வேறு எவனாவது வந்து கம்பி தளர்ந்திருந்தது என்று மறுபடி எழுதுவான். அதனால் மீதியையும் எழுதுகிறேன்.

எங்கள் பக்கத்துப் பட்டறைகளில் ஒரு வழக்கம் உண்டு. புது என்ஜின் பூட்டினால், வண்டி வீடு வந்து சேர்ந்ததும் முதல் ஹேண்டில் வண்டி முதலாளி கையால்தான். மேஸ்திரி வண்டியைக் கொண்டுபோய் வாசலில் நிறுத்தி, அணைத்துவிட்டு இறங்கி, ஹேண்டிலைத் துடைத்து முதலாளி கையில் கொடுக்க வேண்டும். மறுநாள் காலை எட்டு மணிக்கு நான் வண்டியை மண்டிக்கு ஓட்டிப் போனேன். எப்போதும் நிற்கிற இடத்தில், சுவருக்கு நேராக, அதே நான்கடி இடைவெளி விட்டு நிறுத்தினேன். நியூட்ரலில் விட்டு இறங்கினேன். உபதேசியார் வந்து ஜெபம் பண்ணினார். மண்டிக்காரர்கள் பூசணிக்காய் உடைத்தார்கள். அறுபது பேர் இருப்பார்கள். எல்லாரும் சலாமுக்குத்தான் காத்திருந்தார்கள்.

சுகிர்தம் வண்டிப் பக்கம் வந்தாள். புது நீலப் புடவை கட்டியிருந்தாள். பழைய வழக்கத்தில் நேரே என்ஜின் மூடியில் காதை வைக்கப் போவது போல வந்து, ஜன்னல் வழியாக உள்ளே பார்க்கக் குனிந்தாள். அவள் பார்த்திருந்தால் அந்தக் கம்பியைக் கண்டதுமே பெட்டி மாறியிருக்கிறது என்று தெரிந்திருக்கும். பார்க்கிற பழக்கம் உள்ளவள், நான்தான் பழக்கினேன்.

"சுகிர்தம், தொண்டை வறளுது. ஒரு செம்பு தண்ணி கொண்டா" என்றேன்.

"இதோண்ணே" என்று உள்ளே போனாள். வீடு மண்டிக்குப் பின்னால். போய்வர மூன்று நிமிஷம் ஆகும்.

நான் ஹேண்டிலைத் துடைத்து வேதமாணிக்கத்திடம் கொடுத்தேன். அவர் வாங்கிக்கொண்டு வண்டிக்குள் ஏறினார். சுவிட்சைப் போட்டார். கம்பியில் கை வைத்தார். அப்புறம் அந்தக் கையை எடுத்துவிட்டார். இறங்கி என்னிடம் வந்தார். காதோரம் குனிந்து, மற்றவர்களுக்குக் கேட்காமல், கூச்சப்பட்டுக்கொண்டு கேட்டார்:

"மச்சான், நேத்து ரிவர்ஸைப் பத்தி ஏதோ சொன்னியே. எங்க கீதுன்னே? சுத்தமா மறந்துட்டேன். இத்தினி பேரு முன்னாடி அசிங்கமாப் பூடும்."

அவர் மறப்பார் என்று நான் கணக்குப் போட்டிருந்தேன். மறந்ததை ஒப்புக்கொண்டு கேட்பார் என்று கணக்குப் போடவில்லை. அவர் மேல் கருவாட்டு வாடையும் புது சட்டைக் கஞ்சி வாடையும் வந்தது. ஒரு நிமிஷம் அவரைப் பார்த்தேன். ஐம்பது தடவை மூக்கின் முன்னால் சொன்னாலும் ஒரு கம்பி எங்கே போகிறது என்று ஞாபகம் வைக்கத் தெரியாத மனிதர், பதினைந்து வருஷம் என் பக்கத்தில் நின்றவளைச் சிரிக்கவைத்துக் கூட்டிக்கொண்டு போய்விட்டார் என்று நினைத்தேன்.

"பழைய இடத்துலதான், மாப்பிள்ளை" என்றேன்.

அவர் என் தோளைத் தட்டினார். "நீ இல்லேன்னா நான் இன்னா பண்ணுவேன் மச்சான்" என்று சொல்லிவிட்டு, கம்பியை இடது பக்கம் தள்ளி முன்னால் சாய்த்துவிட்டு, முன்பக்கம் போய் நின்றார். கால் சுற்றுதான் இழுத்தார். என் டியூனிங் எப்படி என்று அதிலேயே தெரியும், சட்டென்று பிடித்துக்கொண்டது.

மீதியை நீங்கள் சுவரிலேயே பார்த்தீர்கள். என்ஜின் நிற்கவில்லை. அறுபது பேர் இருந்தார்கள், எல்லாரும் தலையில் அடித்துக்கொண்டும், வண்டியைக் கயிறு போட்டு இழுக்கிற மாதிரி பின்னால் பிடித்து இழுத்துக்கொண்டும் இருந்தார்கள். பின்சக்கரம் மண்ணைத் தோண்டிக்கொண்டே இருந்தது. ஒருத்தனுக்காவது சுவிட்சை அணைக்கத் தோன்றவில்லை. அப்போது சுகிர்தம் வந்தாள். செம்பை அப்படியே தரையில் வைத்தாள், போடவில்லை, வைத்தாள். ஜன்னல் வழியாகக் கையை விட்டு சுவிட்சை அணைத்தாள். கம்பியைப் பிடித்து ஒரே தட்டில் நியூட்ரலுக்குக் கொண்டுவந்தாள். அறுபது பேரில் அவளுக்கு மட்டும் தெரிந்தது. அந்த நேரத்திலும் எனக்குப் பெருமையாக இருந்தது. அதற்கப்புறம்தான் அவள் முன்பக்கம் ஓடினாள்.

செம்பு ஓரமாக இருந்தது. எனக்கு உண்மையிலேயே தாகமாக இருந்தது. குடித்தேன்.

இதுதான் நடந்தது. வேதமாணிக்கத்தை நான் கொன்றேன் என்று எழுத வேண்டுமானால் எழுதிக்கொள்ளுங்கள். அதற்கான தண்டனை எதுவானாலும் எனக்கு ஆட்சேபணை இல்லை. இதில் சுகிர்தத்துக்குச் சம்பந்தமில்லை. அவளைத் திருப்பிக் கொண்டுவருவதற்காக நான் எதுவும் செய்யவில்லை. ஒரு நல்ல வண்டியைச் சீரழிக்கிற பழக்கத்தை நிறுத்தினேன், அவ்வளவுதான்.

உங்களிடம் ஒரே ஒரு வேண்டுகோள். அறிக்கையில் 'பொருத்தியதில் கவனக்குறைவு' என்கிற வரியை அடித்துவிடுங்கள். இணைப்பு தளரவில்லை. கியர் தானாக விழவில்லை. சந்தேகமாக இருந்தால் கால்சட்டை அழுக்காவதைப் பொருட்படுத்தாத ஒரு ஆளை அனுப்பி, அடியில் படுத்துப் பார்க்கச் சொல்லுங்கள். இந்தக் காகிதத்துக்கு ஒரு நகல் எடுத்து ராயபுரத்தில் சுகிர்தத்திடம் கொடுங்கள். முழுக்கக் கொடுங்கள், அவளுக்கு வாசிக்கத் தெரியும், வேலையைப் பற்றி எழுதியிருப்பதில் எது சரி என்று அவளுக்கு மட்டும்தான் விளங்கும். பட்டறைச் சாவி ரஷீதிடம் இருக்கிறது. விளக்கு அதே ஆணியில்தான் மாட்டியிருக்கிறது, திரி மாற்றி வைத்திருக்கிறேன்.

என் கை பிசகவில்லை என்று தெரிந்த பிறகு, அவள் திரும்பி வராமல் இருக்க ஒரு காரணமும் இல்லை.